எந்தக் கணக்கில் நுழைந்தாய்?

ஏப்ரல் 2

அக்கா,

நேற்றிலிருந்து ஒன்பது தடவை போன் பண்ணிவிட்டாய். எடுக்க மாட்டேன். போனில் பேசினால் நீ நடுவில் புகுந்து "சரி விடு, அழாதே" என்பாய், நான் அழவே இல்லை என்றாலும். கடைசியில் என்ன கேட்க வந்தேன் என்பதே எனக்கு மறந்துபோகும். எழுது. எழுதியதை அப்புறம் மாற்றிப் பேச முடியாது.

மேலாளரிடம் நீ என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரியும். எனக்குக் கொடுத்த மெமோவில் அச்சடித்தே போட்டிருக்கிறார்கள். "இப்பணியை முன்பு பார்த்தவரும் இவருடைய சொந்த அக்காவுமானவர், இவர் இயல்பிலேயே அவசரக்காரர் என்று தெரிவித்துள்ளார்." ரொம்ப நன்றி. வேறு யாராவது சொல்லியிருந்தால் போய்யா என்று விட்டிருப்பேன்.

நடந்ததை அவர் வாயால் கேட்டுவிட்டாய். என் வாயாலும் கேள். மார்ச் 27 சாயங்காலம் ஐந்து மணிக்கு, வழக்கம்போல, மறுநாள் டியூட்டி பட்டியல் பணிமனையின் நானூற்றுப் பன்னிரண்டு ஓட்டுநர் நடத்துநர்களுக்கும் குறுஞ்செய்தியாகத் தானே போய்விட்டது. ஐந்தரைக்கு நான் அடுத்த மாத விடுமுறை நாளின் பட்டியலை ஒத்திகை பார்த்தேன். எல்லோருக்கும் 'பணி இல்லை' என்று போட்ட பட்டியல். நீ கற்றுக்கொடுத்த மாதிரியே கருப்புத் திரையில் MODE=test என்று அடித்தேன். test என்றால் மேசை இழுப்பறையில் கிடக்கிற நான்கு பழைய போன்களுக்கு மட்டும் போக வேண்டும், live என்றால் ஊருக்கே போகும். சரியாக விழுந்ததா என்று echo $MODE அடித்துக் கேட்டேன். test என்றுதான் பதில் வந்தது. அதற்கப்புறம்தான் அனுப்பும் நிரலை ஓட்டினேன்.

ஊருக்கே போயிருக்கிறது. "திருத்தப்பட்ட பட்டியல். நாளை உங்களுக்குப் பணி இல்லை." எந்தத் தேதிப் பட்டியலாக இருந்தாலும் அந்த நிரல் 'நாளை' என்றுதான் போடும். மறுநாள் காலையில் தொண்ணூற்றாறு பேருந்தில் ஏழுதான் வெளியே போனது. அந்த ஏழையும் எடுத்துப் போனவர்கள் குறுஞ்செய்தி படிக்கிற பழக்கம் இல்லாதவர்கள்.

என் வீட்டுக்காரரும் ஓட்டுநர், சங்கத்தில் துணைச் செயலாளர் வேறு. அந்த வாரம்தான் வேலைநிறுத்தம் செய்யலாமா என்று சங்கத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். இது போதாதா? புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து திட்டம் போட்டுப் பேருந்தை நிறுத்திவிட்டார்கள் என்று எழுதிவிட்டார்கள். என்னைச் சஸ்பெண்டு செய்தாயிற்று. ஏப்ரல் 24 விசாரணை. அன்றைக்கு என் பேச்சை நம்பவில்லை என்றால் வேலை போய்விடும், அடுத்து அவரையும் இழுப்பார்கள்.

அந்த நிரலை எழுதியவள் நீ. நான் சொல்வது நடக்கக்கூடியதுதான் என்று நீ ஒரு வார்த்தை எழுதிக் கொடு. வேறு எதுவும் கேட்கவில்லை.

தங்கை


ஏப்ரல் 6

சுண்டு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கோபத்தில் எழுதியிருக்கிறாய், அதனால் நானும் கோபப்படப் போவதில்லை.

மேலாளர் திடீரென்று போன் பண்ணினார். உன்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன். வேண்டுமென்று செய்தாள் என்பதைவிட அவசரத்தில் செய்தாள் என்பது எவ்வளவோ மேல் இல்லையா? அதை அவர் மெமோவில் தூக்கிப் போடுவார் என்று நான் கண்டேனா?

நான் சொல்வதைக் கேள். விசாரணையில் போய் வாதாடாதே. "தட்டச்சில் ஒரு எழுத்துப் பிசகிவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று எழுதிக் கொடுத்துவிடு. மனுஷனுக்குக் கை தவறுவது சகஜம். எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள். ஆறு மாதத்தில் எல்லோரும் மறந்துவிடுவார்கள். நீ நான் சரியாகத்தான் அடித்தேன் என்று பிடிவாதம் பிடித்தால், அப்படியானால் வேண்டுமென்றுதான் செய்திருக்கிறாய் என்பார்கள். யோசித்துப் பார்.

உன் வீட்டுக்காரரையும் கொஞ்ச நாள் வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொல். அவர் பேசப் பேச உனக்குத்தான் கெடுதல்.

இங்கே புது வேலையில் மூச்சுவிட நேரமில்லை. விமான நிலையம் என்றால் பணிமனை மாதிரி இல்லை, ஒவ்வொரு கதவுக்கும் ஒரு அட்டை வேண்டும். தகுதிகாண் காலம் முடிய இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. அதனால்தான் நேரில் வர முடியவில்லை.

ஒன்று கேட்க மறந்தேன். அன்றைக்கு எந்தக் கணக்கில் நுழைந்தாய்? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

அக்கா


ஏப்ரல் 9

அக்கா,

பிசகவில்லை. ஒரு எழுத்தும் பிசகவில்லை. உனக்கு எத்தனை தடவை கரடியாய்க் கத்த வேண்டும்? நான் அடித்த வரிகள் எல்லாம் அந்தக் கணினியிலேயே பதிவாகியிருக்கின்றன. மேலாளரே அதை அச்செடுத்து வைத்திருக்கிறார். M, O, D, E. நடுவில் இடைவெளி இல்லை. அதைப் பார்த்துவிட்டுத்தான், "கரெக்டா அடிக்கத் தெரிஞ்சவங்களுக்குத் தப்பா அனுப்பவும் தெரியும்" என்றார். இந்த லட்சணத்தில் நீ எழுதச் சொல்கிற மன்னிப்புக் கடிதத்தை எவன் நம்புவான்?

என் மேல் ஒரு தப்பு இருக்கிறது. ஒத்திகை முடிந்ததும் இழுப்பறையைத் திறந்து நான்கு போனும் அதிர்ந்ததா என்று பார்க்க வேண்டும். அன்றைக்கு ஐந்து ஐம்பது பேருந்தைப் பிடிக்க ஓடினேன், பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவர் "நாளைக்கு எனக்கு லீவு" என்றார். நல்லது, கசிகிற குழாயைச் சரிசெய்யுங்கள் என்றேன். எனக்கு உறைக்கவே இல்லை. இதை முதல் நாளே ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். செய்த தப்பை ஒப்புக்கொள்ள எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். செய்யாததை ஒப்புக்கொள்ளச் சொல்லாதே.

அன்று காலை நான் பணிமனை வாசலில் நின்றேன், தெரியுமா உனக்கு? நுழைவுத்தேர்வுக்குப் போக வேண்டிய பிள்ளைகள் முப்பத்தோரு பேர் தவறவிட்டார்கள். ஒரு அம்மா தன் மகளின் தேர்வுச் சீட்டை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். திட்டவில்லை. "இனி இதை என்னம்மா பண்றது?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவள் நானா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். என் கை தவறியிருந்தால் அவள் காலில் விழவும் தயார்.

என் வீட்டுக்காரர் வாயை மூடிக்கொண்டுதான் இருக்கிறார். நீ அவருக்குச் சொல்லி அனுப்ப வேண்டியதில்லை.

கணக்கு என்ன கணக்கு? நீ போன பிறகு ஐந்து மாதம் உன் கணக்கில்தான் நுழைந்துகொண்டிருந்தேன். கடவுச்சொல் கொடுத்துவிட்டுப் போனவளே நீதான். மார்ச் மாதம் தணிக்கைக்கு வந்த ஆள், போனவர் கணக்கை ஏன் இன்னும் திறந்து வைத்திருக்கிறீர்கள் என்று சத்தம் போட்டு அதை மூடவைத்தார். எனக்கென்று புதிதாக ஒன்று திறந்து கொடுத்தார்கள். அதில் அதுதான் முதல் ஒத்திகை. அதே வரி, அதே இயந்திரம், அடித்ததும் நானே. உன் கணக்கில் இருபது தடவையாவது செய்திருப்பேன், ஒரு தடவையும் வெளியே போனதில்லை.

இதை ஏன் கேட்டாய்?

தங்கை


ஏப்ரல் 12

சுண்டு,

சும்மாதான் கேட்டேன் என்று எழுதியிருந்தேனே.

ஒரு விஷயம் மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். விசாரணையில் என் கணக்கு, கடவுச்சொல் என்றெல்லாம் வாய் தவறியும் சொல்லிவிடாதே. வேலையை விட்டுப் போன பிறகும் கடவுச்சொல்லைக் கொடுத்து வைத்திருந்தாள் என்று இங்கே தெரிந்தால், விமான நிலையத்தில் ஒரு நாள்கூட வைத்துக்கொள்ள மாட்டார்கள். அதனால் உனக்கு ஒரு லாபமும் இல்லை. என்னையும் சேர்த்து மூழ்கடிப்பதில் உனக்கு என்ன சந்தோஷம்?

கணினி சில நேரம் அப்படித்தான். காரணமே தெரியாது. மன்னிப்புக் கடிதத்தை எழுதிக் கொடு. வேண்டுமானால் நானே வரைந்து அனுப்புகிறேன்.

அக்கா


ஏப்ரல் 16

அக்கா,

காரணமே தெரியாதா? பதினெட்டு வருஷம் கணினிமுன் உட்கார்ந்தவள் எழுதுகிற வார்த்தையா இது? பணிமனையில் பிரிண்டர் காகிதத்தை மென்று துப்பினால்கூடக் காரணம் தெரியும்வரை சாப்பிடப் போகமாட்டாய் நீ.

பணிமனைக் கணினியை நான் தொடக்கூடாது. அதனால் வீட்டில் இருக்கிற பழைய மடிக்கணினியைத் தூசி தட்டினேன். அதே கருப்புத் திரை, நாம் அடிக்கிற வரியை வாங்கிச் செய்கிற அதே ஷெல். அனுப்பும் நிரலுக்குப் பதிலாக, "MODE என்ன?" என்று மட்டும் கேட்டுச் சொல்கிற ஒரு சின்ன நிரலை எழுதினேன். MODE=test அடித்தேன். echo கேட்டேன். test. நிரலை ஓட்டினேன்.

வெறுமை, அக்கா. ஒன்றுமே வரவில்லை. என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "நீ சொன்னது அதுக்குக் காது கேக்கலையா?" என்றார். பத்துத் தடவை செய்தோம். பத்துத் தடவையும் திரை எனக்கு test என்கிறது, நிரலுக்கு ஒன்றும் சொல்லவில்லை.

மூன்று நாள் உட்கார்ந்து படித்தேன். மாறி என்றால் ஒரு பெயரும் அதற்கு நாம் கொடுக்கிற மதிப்பும். நான் அடித்தது வெறும் ஷெல் மாறி. அந்தத் திரைக்குள்ளேயே இருக்கும். echo கேட்டால் திரை தனக்குத் தெரிந்ததைச் சொல்லும், அவ்வளவுதான். திரையிலிருந்து வேறொரு நிரலைக் கிளப்பினால் அது தனி ஆள். அதன் கையில் போய்ச் சேர்வது சூழல் மாறி மட்டும். ஷெல் மாறியைச் சூழல் மாறி ஆக்க export என்று ஒரு வார்த்தை சேர்க்க வேண்டும். export MODE=test என்று அடித்தேன். உடனே நிரல் test என்றது. அவர் கை தட்டினார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ஏனென்றால் எனக்கு நீ எழுதிக் கொடுத்த குறிப்பு இதோ மேசைமேல் இருக்கிறது. உன் கையெழுத்து. அதில் export இல்லை. எங்குமே இல்லை.

அப்படியானால் உன் கணக்கில் மட்டும் அதே வரி எப்படி இருபது தடவை சரியாக வேலை செய்தது? இதைத்தான் இரண்டு நாளாக யோசிக்கிறேன். உன் கணக்கில் ஏதோ இருந்தது. அது என் கணக்கில் இல்லை. கணக்கு மாறியதால்தான் இது நடந்தது.

எந்தக் கணக்கில் நுழைந்தாய் என்று முதல் கடிதத்திலேயே கேட்டவள் நீ. விசாரணை அதிகாரி கேட்கவில்லை, மேலாளரும் கேட்கவில்லை. உனக்கு மட்டும் அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது?

உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே எனக்கு மன்னிப்புக் கடிதம் வரைந்து தருகிறேன் என்றாய். இல்லை என்று எழுது பார்க்கலாம்.


ஏப்ரல் 19

சுண்டு,

இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். நான்கு தாளைக் கிழித்துப் போட்டாயிற்று.

தெரியும். மார்ச் 28 அன்றே மேலாளர் போன் பண்ணி, "உங்க தங்கச்சி புதுக் கணக்குல நுழைஞ்சு" என்று ஆரம்பித்தாரே, அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. அவர் பேசி முடிக்கும்வரை நான் வேறு எதையுமே கேட்கவில்லை. கடைசியில் உன்னைப் பற்றி ஏதோ கேட்டார், அவசரக்காரி என்று வாயில் வந்துவிட்டது. உன்னைக் காப்பாற்ற என்று முதல் கடிதத்தில் எழுதியது பொய். அவர் சொன்னது தப்பாக இருக்காதா என்ற நப்பாசையில்தான் எந்தக் கணக்கு என்று உன்னிடம் கேட்டேன்.

என் கணக்கில் நுழைந்ததும் தானாக ஓடுகிற தொடக்கக் கோப்பு ஒன்று உண்டு. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அதில் export MODE=live என்று ஒரு வரி எழுதினேன். ஒரு மாறி ஒருமுறை சூழலுக்குப் போய்விட்டால், அதற்கப்புறம் வெறுமனே MODE=test என்று அடித்தாலும் மாறிய மதிப்பே நிரலுக்குப் போகும். மறுபடி export வேண்டாம். ஏற்கெனவே வெளியே போகிற பையில் இருக்கிற சீட்டை எடுத்துத் திருத்திவைத்த மாதிரி. உன் கணக்கில் பையே இல்லை. நீ சீட்டை எழுதி மேசையிலேயே வைத்துவிட்டாய். உன்மேல் தப்பில்லை, பையைப் பற்றி உனக்கு யாரும் சொல்லவில்லை. அந்த வரியை எழுதியதையே நான் மறந்துவிட்டேன். குறிப்பு எழுதியபோது என் விரல் என்ன அடிக்கிறதோ அதை அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது, இது அதைவிட மோசம். MODE வெறுமையாக வந்தால் என்ன செய்வது என்று நிரலில் முடிவு செய்ததும் நான்தான். வெறுமை என்றால் live என்று போட்டேன். ஐந்து மணி ஓட்டத்துக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்காதே என்ற சோம்பேறித்தனம். வெறுமை என்றால் நின்றுவிடு என்று போட்டிருக்க வேண்டும். இதை நேற்றுச் சேர்ந்த பொடியன்கூட அப்படித்தான் எழுதுவான்.

போதுமா? நீ மட்டும்தான் தவிக்கிறாய் என்று நினைக்காதே. இந்த வேலைக்காக நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. நாற்பத்தாறு வயதில் எனக்கு இன்னொரு இடம் யார் கொடுப்பார்கள்? நீ இளையவள், கூட ஒரு ஆள் இருக்கிறார். எனக்கு யார் இருக்கிறார்கள்? இப்படி யோசித்ததற்காக என் மூஞ்சியைக் கண்ணாடியில் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் யோசித்தேன்.

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. படித்ததும் கிழித்துப் போடு.

அக்கா


ஏப்ரல் 21

அக்கா,

கிழிக்கவில்லை. உன் கடிதம் இதோடு இருக்கிறது, திருப்பி அனுப்புகிறேன். நகல் எடுக்கவில்லை. வீட்டுக்காரருக்கும் காட்டவில்லை. என்ன எழுதியிருக்கிறாள் என்று கேட்டார், நலம் விசாரித்திருக்கிறாள் என்றேன். அவர் சிரிக்கக்கூட இல்லை.

இதை விசாரணை மேசையில் வைத்தால் ஐந்து நிமிஷத்தில் என் பிரச்சினை முடிந்துவிடும். வைக்க மாட்டேன். அக்காவின் கடிதத்தைத் திருட்டுத்தனமாகக் காட்டி வேலையைத் திரும்ப வாங்கினாள் என்ற பெயர் எனக்கு வேண்டாம். சொல்ல வேண்டியவள் நீ. என்னிடம் நீ ஆயிரம் ஒப்புக்கொண்டாலும் அது இந்த வீட்டுச் சுவரைத் தாண்டாது. விசாரணை அதிகாரிக்கு எழுது. முகவரி பின்பக்கம் இருக்கிறது.

மடிக்கணினியில் நான் கண்டதை நான் சொல்வேன். நம்பினால் நம்பட்டும். ஆனால் உன் தொடக்கக் கோப்பைக் கணக்கோடு சேர்த்து அழித்துவிட்டார்கள். அதில் என்ன இருந்தது என்று சொல்ல உலகத்திலேயே ஒரு ஆள்தான் இருக்கிறது. நீ சொல்லாவிட்டால், இருபது தடவை சரியாகப் போனது இருபத்தோராவது தடவை மட்டும் ஏன் தவறியது என்று கேட்பார்கள். என்னிடம் பதில் இருக்காது.

உனக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறாய். படித்ததும் அடுக்களையில் போய் நின்று அழுதேன். உனக்கு நான் இருக்கிறேன் என்பது இந்த நாற்பத்தாறு வயதில் ஒரு தடவைகூட உனக்குத் தோன்றவில்லையா? அப்படிப்பட்டவளை எந்த மனதோடு பலி கொடுக்கத் துணிந்தாய்?

மூன்று நாள் இருக்கிறது.

தங்கை


ஏப்ரல் 25

அக்கா,

நீ எழுதியது நேற்றுக் காலை விசாரணைக்கு ஒரு மணி நேரம் முன்னால் வந்து சேர்ந்தது. அதிகாரி எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படித்தார்.

நன்றாகத்தான் எழுதியிருந்தாய். தொடக்கக் கோப்பைச் சொன்னாய், குறிப்பில் விட்டுப்போன வார்த்தையைச் சொன்னாய், வெறுமை என்றால் live என்று போட்டதைச் சொன்னாய். கடவுச்சொல் கொடுத்துவிட்டுப் போனதையும் சொன்னாய், அதை நான் எதிர்பார்க்கவில்லை. தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த கணினிக்காரர் அங்கேயே, செய்தி வெளியே போகாதபடி இணைப்பைக் கழற்றிவிட்டு, என் கணக்கில் நுழைந்து அதே வரியை அடித்துப் பார்த்தார். live. export சேர்த்து அடித்தார். test. மேலாளர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. நான் பார்க்கவில்லை.

எல்லாம் எழுதிவிட்டு, கடைசி வரியில் "இவை சமீபத்தில்தான் என் கவனத்துக்கு வந்தன" என்று ஏன் எழுதினாய்?

அதிகாரி அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அவர் முட்டாள் இல்லை. கடவுச்சொல் விஷயத்துக்கு உன் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போகும், எச்சரிக்கையோடு முடியும் என்றார். ஆனால் விசாரணை நடக்கும்போது தெரிந்தே மறைத்திருந்தால் அது வேறு, அதை அப்படியே எழுதி அனுப்ப வேண்டியிருக்கும் என்றார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்.

"உங்க அக்காவுக்கு இது எப்ப தெரியும்?"

என் வீட்டுக்காரர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எனக்கு உன்மேல் எவ்வளவு கோபம் தெரியுமா? வாயைத் திறந்தால் மார்ச் 28 என்று கத்திவிடுவேனோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"போன வாரம்தான் சார்," என்றேன். "நான் எழுதிக் கேட்டப்புறம்தான் அவளே பார்த்தா."

அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார். திங்கள்கிழமை வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். என் வீட்டுக்காரர்மேல் எழுதியிருந்ததையும் எடுத்துவிட்டார்கள்.

இருபத்தெட்டு நாள் நான் சொன்னதெல்லாம் உண்மை. ஒருத்தரும் நம்பவில்லை, நீயும் நம்பாத மாதிரி நடித்தாய். நேற்று ஒரே ஒரு பொய் சொன்னேன். அதை மட்டும் எல்லோரும் உடனே நம்பிவிட்டார்கள்.

தங்கை